ஆசிரியர்களுக்குப் பாடம் எடுப்பவர்களுக்கான பத்து மாத இணையப் படிப்பு: முடித்த பிறகு என் கருத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சேரலாம். ஆனால் முதல் மூன்று மாதத்தை நம்பிச் சேராதீர்கள், நான்காம் மாதத்தில் தொடங்கும், ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துச் சொல்லும் இருவர் குழுவுக்காகச் சேருங்கள். பாதியில் விலகியவர்களில் பலர் அந்த மூன்று மாதத்துக்குள்தான் விலகினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானே இரண்டு தடவை விலகல் கடிதம் எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் விட்டவள்.

இது யாருக்கான படிப்பு என்றால், ஆசிரியராகப் போகிறவர்களுக்கும் ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு. கல்வியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், பணியிடைப் பயிற்சி கொடுக்கிற கருத்தாளர்கள், கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களைப் பள்ளியில் கவனித்துக்கொள்ளும் மூத்த ஆசிரியர்கள், எல்லோரும் எங்கள் குழுவில் இருந்தார்கள். முழுக்க இணைய வழி. வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதும் என்றார்கள், எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் நடத்துகிறவர்கள் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி அமைப்பில் படிப்பு நடத்துகிறவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள், எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஏழு வருடம் பள்ளியில், அப்புறம் பதினாறு வருடமாக ஆசிரியர் கல்வியில். இந்தப் பதினாறு வருடத்தில் என்னைப் போல ஆசிரியர்களுக்குப் பாடம் எடுக்கும் இன்னொரு பயிற்றுநர் என் வகுப்பில் முழுதாக உட்கார்ந்து பார்த்தது ஒரு தடவைகூட இல்லை. ஆய்வுக் குழு வந்து கதவோரம் ஐந்து நிமிடம் நின்றதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் நான் மட்டும் வருடா வருடம் பள்ளிகளின் பின்வரிசையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பாடங்களைப் பார்த்திருக்கிறேன், 'கரும்பலகைப் பயன்பாடு மேம்பட வேண்டும்' 'மாணவர் பங்கேற்பு குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வகுப்பில் மாணவர் பங்கேற்பு எப்படி என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லை. பக்கத்து அறைச் சகாவிடம் கேட்டால் ஏதாவது புகார் வந்திருக்கிறதா என்று கவலைப்பட்டுவிடுவார்.

முதல் சந்திப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் பணித்திறன் வளர்ந்த தருணங்களை ஒரு கோட்டில் குறித்துக் காட்டுங்கள் என்று. முப்பத்தொரு பேர் இருந்தோம். ஏறக்குறைய எல்லோருடைய கோட்டிலும் கருத்தரங்குகள், பயிலரங்குகள், புத்தாக்கப் பயிற்சி, முனைவர் பட்டம், வெளியான கட்டுரை. சான்றிதழ் கொடுத்தவை எல்லாம் இருந்தன. அடுத்த கேள்வி, இதில் எது உங்கள் மறுநாள் வகுப்பை மாற்றியது? திரையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், பள்ளியிலிருந்து போன வருடம்தான் பயிற்றுநராக வந்தவர், தான் குறிக்காமல் விட்ட ஒன்றைச் சொன்னார். ஒரு மாணவ ஆசிரியை பின்னப் பாடத்தில் தடுமாறியபோது, பாடம் முடிந்ததும் அவளோடு பள்ளி வாசலில் நின்று அரை மணி நேரம் பேசினாராம், அந்தப் பேச்சுக்குப் பிறகு தான் பின்னம் நடத்தும் விதமே மாறிவிட்டது என்றார். அவர் சொன்ன பிறகு ஒவ்வொருவராக இப்படிப்பட்டவற்றைச் சொல்ல ஆரம்பித்தோம். விடைத்தாள் திருத்தும் அறையில் நடந்த வாக்குவாதம், பழைய மாணவி ஒருத்தி வேலையில் சேர்ந்த பிறகு தொலைபேசியில் கேட்ட கேள்வி, இப்படி. யாருடைய பணிப்பதிவேட்டிலும் இவை இருக்காது.

இந்த முதல் சந்திப்புக்காகவே நான் அந்தப் படிப்புக்கு முழு மதிப்பெண் கொடுக்கத் தயார். எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் தங்கள் வளர்ச்சியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை. எங்களிடம் கேட்பதெல்லாம் மற்ற ஆசிரியர்களை எப்படி வளர்ப்பது என்றுதான். பெல்ஜியம், அயர்லாந்து, இஸ்ரேல், நெதர்லாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகளில் 1,158 பயிற்றுநர்களிடம் கேட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வை அன்று காட்டினார்கள். கிடைக்கிற வளர்ச்சி வாய்ப்புகளில் திருப்தி ஓரளவுதான், ஆனால் இன்னும் கற்க வேண்டும் என்ற ஆசை நிறைய, அதுவும் ஆராய்ச்சிப் பக்கம், கற்பித்தல் பக்கம் இரண்டிலும். எங்கள் முப்பத்தொரு பேரின் நிலையும் அச்சாக அதுவே. வேறு வேறு நாட்டில், வேறு வேறு பாடத்திட்டத்தில் இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு மனசு லேசானது, என் குறை என்னுடையது மட்டும் இல்லை என்று.

சரி, அந்த மூன்று மாதம். பதிவு செய்த விரிவுரைகள், இருபத்திரண்டு. சுய சிந்தனை, அதாவது தன் கற்பித்தலைத் தானே திரும்பிப் பார்த்து யோசிப்பது என்றால் என்ன, அதன் வகைகள் என்ன, அதன் படிநிலைகள் என்ன என்று ஒருவர் திரையில் இருக்கும் வரிகளை அப்படியே வாசித்துக்கொண்டு போகிறார். இடையிடையே நாம் உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்க்க ஒரு பொத்தான் முளைக்கும், அழுத்தாவிட்டால் வருகைப்பதிவு இல்லை. வயது வந்தவர்களுக்குக் கற்பிப்பது எப்படி என்று பாடம் எடுக்கிற படிப்பு, வயது வந்த எங்களை இப்படி நடத்தியது எனக்குக் கோபத்தைத் தந்தது. இதை அவர்களுக்கு எழுதியும் அனுப்பினேன். அடுத்த குழுவுக்குப் பார்க்கிறோம் என்றார்கள்.

அந்த இருபத்திரண்டில் இரண்டைத் தவறவிடாதீர்கள். ஒன்று, பயிற்றுநராக மாறுவதைப் பற்றியது. இங்கிலாந்தில் 28 பயிற்றுநர்களை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பள்ளி ஆசிரியராக இருந்தவர் பயிற்றுநர் என்ற புது அடையாளத்தில் காலூன்ற இரண்டு மூன்று வருடம் ஆகிறது என்கிறது. பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது ஒரு வேலை, அந்த வேலையை இன்னொருவருக்குச் சொல்லித் தருவது வேறு வேலை, முன்னதில் கெட்டிக்காரராக இருந்தவர் பின்னதில் புதியவர். எனக்கு என் முதல் வருடம் அப்படியே கண்முன் வந்தது. ஏழு வருடம் நன்றாகப் பாடம் எடுத்த கை, ஆனால் ஒரு மாணவ ஆசிரியர், 'நீங்கள் அந்த இடத்தில் ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. செய்யத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது. அன்று அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டேன். அது எல்லோருக்கும் வருகிற கட்டம் என்று அன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று, பயிற்றுநரின் ஆறு பொறுப்புகள் பற்றியது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூவர் 2014இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து எடுத்தது. ஆசிரியர்களின் ஆசிரியர், ஆய்வாளர், வழித்துணையாக நின்று பயிற்றுவிப்பவர், பாடத்திட்டம் உருவாக்குபவர், தொழிலுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் வாயிற்காப்பவர், பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையில் பாலமாக இருப்பவர். இதில் நீங்கள் எதற்கெல்லாம் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆய்வாளர் என்பதற்குத்தான் நாங்கள் எல்லோரும் கை தூக்கினோம். வாயிற்காப்பவர் என்பதற்கு ஒருவர்கூட இல்லை. ஒரு மாணவ ஆசிரியரைத் தேறவில்லை என்று நிறுத்துவது எங்கள் வேலையிலேயே கனமான முடிவு. அதை எப்படி எடுப்பது, எப்படி அவரிடம் சொல்வது என்று எங்களுக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. இதை இன்னும் இரண்டு வாரம் பேசியிருக்கலாம், ஒரே விரிவுரையில் முடித்துவிட்டார்கள்.

இனி நான்காம் மாதம். இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறார்கள், வேறு நிறுவனம், முடிந்தவரை வேறு பாடம். எனக்கு வாய்த்த குழுத் துணைவர் கணிதக் கற்பித்தல் எடுப்பவர், என்னைவிட வயதில் இளையவர், பேச்சு குறைவு. மாதம் ஒரு வகுப்பை ஒளிப்பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். அனுப்பும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். பார்ப்பவர் முதல் மாதம் முழுக்கக் கண்டதை மட்டும் எழுதலாம், பாராட்டும் கூடாது, அறிவுரையும் கூடாது. இந்த விதி முதலில் எனக்கு வறட்டுத்தனமாகத் தெரிந்தது. இப்போது கேட்டால் மொத்தப் படிப்பும் இந்த ஒரு விதியில்தான் நிற்கிறது என்பேன்.

நான் அனுப்பிய முதல் பதிவு கேள்வி கேட்கும் திறன் பற்றிய வகுப்பு. வருடா வருடம் எடுப்பது, எனக்குப் பிடித்த பாடம், அதனால்தான் தைரியமாக அனுப்பினேன். அதில் காத்திருப்பு நேரம் என்ற பகுதி வரும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் எழுதியது, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், 'தெரியாது' என்பது குறைகிறது. இதை நான் படம் போட்டு, கதை சொல்லி, ரொம்ப நன்றாக நடத்துவேன். என் துணைவரிடம் நான் கேட்டது, 'என் கேள்விகளைப் பாருங்கள் சார்' என்று மட்டும்.

நான்கு நாள் கழித்து அவர் அனுப்பியது ஒரே ஒரு தாள். இடது பக்கம் என் கேள்விகள், இருபத்து மூன்று. வலது பக்கம் ஒவ்வொரு கேள்விக்கும் நான் காத்திருந்த நொடிகள். மூன்றைத் தொட்டது இரண்டே இடத்தில். மற்றதெல்லாம் ஒன்று, அதற்கும் கீழே, பல இடங்களில் கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் நானே. காத்திருப்பு நேரத்தைப் பற்றிப் பேசிய அந்தப் பத்து நிமிடத்திலும் அப்படித்தான். தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார். 'எட்டாவது கேள்வியில் பின்வரிசையில் இருக்கும் பெண் பேச வாயெடுத்தார்.' அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

நான் பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். உண்மை. அந்தப் பெண் கையைக்கூட லேசாகத் தூக்குகிறாள், நான் பதிலைச் சொல்லிக்கொண்டே பலகை பக்கம் திரும்புகிறேன், அவள் கை இறங்குகிறது. எட்டு மாதமாக என் வகுப்பில் இருக்கிறவள், அதுவரை அவளைப் பேசாத பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனை கருத்தரங்குக்குப் போயிருப்பேன், எதிலும் இப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. அவர் 'நீங்கள் காத்திருக்கவில்லை மேடம்' என்று எழுதியிருந்தால் நான் ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன், பாடப்பகுதி முடிய வேண்டும், நேரம் இல்லை என்று. எண்களையும் அந்த ஒரு வரியையும் வைத்துக்கொண்டு என்ன காரணம் சொல்வது? நட்பு என்றால் இடித்துச் சொல்வதும் சேர்ந்ததுதான் என்று நாம் வழிவழியாகக் கேட்டு வளர்ந்திருக்கிறோம், ஆனால் எங்கள் தொழிலில் அப்படிச் சொல்ல இடம் கொடுக்கும் ஏற்பாடு இல்லை. இந்தப் படிப்பு அந்த இடத்தைக் கொடுத்தது.

அடுத்த வகுப்பில் அந்தத் தாளை அப்படியே திரையில் போட்டேன். போட வேண்டுமா என்று நிறைய யோசித்தேன், மாணவ ஆசிரியர்களிடம் மதிப்பு போய்விடுமோ என்ற பயம் இருந்தது. போட்டுவிட்டுச் சொன்னேன், இது என்னுடைய வகுப்பு, இன்று நான் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் மனதுக்குள் மூன்று எண்ணப் போகிறேன், நீங்களும் எண்ணுங்கள், எண்ணும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வகுப்பு முடியப் போகும் நேரம் அந்தப் பின்வரிசைப் பெண் எழுந்து கேட்டாள், 'அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் நான் மூன்று நொடி பேசாமல் இருந்தால் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்களே மேடம், போன வாரம் பள்ளியில் எனக்கு அப்படித்தான் ஆனது, அப்போது என்ன செய்வது?' பதினாறு வருடம் இந்தப் பாடத்தை எடுத்தும் இந்தக் கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை. என்னிடம் தயாராகப் பதிலும் இல்லை. மீதி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம். கேள்வியைக் கேட்பதற்கு முன்பே 'எல்லோரும் யோசியுங்கள், நான் சொல்லும்போது பேசுங்கள்' என்று சொல்லிவிடலாம், பதிலை முதலில் குறிப்பேட்டில் எழுதச் சொல்லலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று அவர்களே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பெண் மறுவாரம் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்து என்ன நடந்தது என்று சொன்னாள்.

நாம் ஒன்றைச் செய்து காட்டுவதோடு நிற்காமல், ஏன் அப்படிச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் துறையில் பழைய பேச்சு. ஆனால் நடக்கிறதா? நெதர்லாந்தில் பத்துப் பயிற்றுநர்களைப் பார்த்து 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, முன்மாதிரியாகச் செய்து காட்டுவதை ஒரு கற்பித்தல் முறையாகவே அவர்களில் பெரும்பாலோர் எண்ணவில்லை என்கிறது. இது எனக்கு வியப்பாக இல்லை. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் சொன்னது, ஆசிரியராக வருகிறவர்கள் மாணவர்களாக இருந்து வருடக்கணக்கில் ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று. பார்ப்பது செயலை மட்டும்தான், அதன் பின்னால் இருக்கும் யோசனையை அல்ல. என்னையும் அப்படித்தான் ஒருவர் விரிவுரை எடுத்து வளர்த்தார், நானும் விரிவுரை எடுக்கிறேன், என் மாணவர்கள் நாளைக்குப் பள்ளியில் போய் விரிவுரை எடுப்பார்கள், நடுவில் யாராவது ஒருவர் தன் வகுப்பை நிறுத்தி, இப்போது நான் செய்தது என்ன என்று கேட்டால் ஒழிய.

என் துணைவரின் பதிவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்கப்படுவதைவிடப் பார்ப்பதில் நான் கற்றது அதிகம். அவர் அனுப்பியது பாடம் பார்த்த பிறகு மாணவ ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும் சந்திப்பு, இருபது நிமிடம். யார் எவ்வளவு பேசுகிறோம் என்று மட்டும் பாருங்கள் என்றார். நொடி காட்டும் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். பதினேழு நிமிடம் அவர் பேசுகிறார், பரிவாகத்தான் பேசுகிறார், எல்லாம் சரியான யோசனைகள், அந்தப் பையன் 'சரி சார்' என்று பதினான்கு தடவை சொல்கிறான். எழுதிக்கொண்டே வரும்போது என் கை நின்றுவிட்டது. என்னுடைய சந்திப்புகளும் இப்படித்தான் இருக்கும். சொல்லித் தருவதா, அவராகக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருப்பதா என்ற இழுபறி பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் தினமும் உண்டு, ஆஸ்திரேலியாவில் அமண்டா பெர்ரி என்ற பயிற்றுநர் தன் சொந்த வகுப்பையே ஆராய்ந்து 2007இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். என் துணைவர் அடுத்த மாதம் முதல் கேள்வியை 'எந்த இடத்தில் உங்கள் திட்டத்தை மாற்றினீர்கள்?' என்று வைத்துக்கொண்டார். அவர் பேசிய நேரம் பதினொரு நிமிடமாக இறங்கியது. பத்துக்குக் கீழே கொண்டுவர இன்னும் முயல்கிறார்.

கடைசி மூன்று மாதம் தன்னாய்வு. தன் கற்பித்தலில் ஒரு சிக்கலை எடுத்து, ஆதாரம் திரட்டி, மாற்றிப் பார்த்து எழுத வேண்டும். இதற்கு ஒரு மரபு உண்டு. அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்துக்குள் 1993இல் பயிற்றுநர்கள் தங்கள் பணியைத் தாங்களே ஆராயும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள், 1996இல் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட்மன்சூ கோட்டையில் அதற்கான முதல் மாநாடு நடந்தது. இந்த வரலாற்றைச் சொன்ன பகுதி எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் எங்களில் சிலர் இது ஆராய்ச்சியே இல்லை, நாட்குறிப்பு என்று ஒதுக்கினார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. தன்னைப் பற்றித் தானே எழுதுவதில் தன்னை ஏமாற்றிக்கொள்ள நிறைய இடம் உண்டு. அதனால்தான் இன்னொருவர் கண்ணும், பதிவும், மாணவர்கள் எழுதிக் கொடுப்பதும் வேண்டும் என்று அந்தத் துறையினரே வலியுறுத்துகிறார்கள். நான் காத்திருப்பு நேரத்தையே எடுத்துக்கொண்டேன். ஆறு பதிவுகள், ஆறு தாள்கள், இருபது மாணவ ஆசிரியர்களின் குறிப்புகள். நடுவில் இரண்டு மாதம் முன்னேற்றமே இல்லை, தேர்வு நெருங்கியதும் பழைய வேகம் திரும்பி வந்துவிட்டது. அதையும் எழுதினேன். எழுதிய பிறகுதான் காரணம் புரிந்தது, பாடப்பகுதியை முடிக்கும் அவசரம் வரும்போது முதலில் போவது மாணவர்களின் நேரம்.

இப்போது குறைகள், சுருக்கமாகச் சொல்ல முடியாது. பெரிய குறை, ஒளிப்பதிவுக்கு மாணவ ஆசிரியர்களின் சம்மதம் வாங்குவது பற்றி ஒரு வழிகாட்டுதலும் இல்லை. நாங்கள்தான் அவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள், நாங்கள் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? நானும் என் துணைவரும் சேர்ந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். சம்மதக் கடிதத்தை வகுப்புத் தலைவி வாங்கி வைத்துக்கொள்வார், யார் மறுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, மறுத்தவர்கள் உட்காரும் பக்கத்தைக் கருவி பார்க்காது, பதிவு மூன்று மாதத்தில் அழிக்கப்படும். என் மாணவர்கள் இதைப் பார்த்துத் தங்கள் பள்ளியிலும் இதே மாதிரி செய்ய ஆரம்பித்தார்கள். இதை முதல் வாரமே படிப்பு நடத்துகிறவர்கள் செய்திருக்க வேண்டும்.

வழிகாட்டிகளிடமிருந்து கருத்து வர ஆறு வாரம் ஆனது, ஒரு தடவை எட்டு. அதற்குள் அந்தப் பாடமே முடிந்துவிட்டது. சுய சிந்தனைக் குறிப்புக்கு ஒரு படிவம், ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை சொல்லுக்குக் குறையக் கூடாது என்று எண்ணிக்கை. எண்ணிக்கை நிரம்பும்வரை எழுத வைத்தால் வெறும் சொல்தான் வரும். என் துணைவரின் அந்த ஒரு வரி எந்தப் படிவத்திலும் அடங்கியிருக்காது. இன்னொன்று, சான்றிதழுக்காக வந்தவர்களுக்கும் கற்க வந்தவர்களுக்கும் ஒரே வழி வைத்திருக்கிறார்கள். சான்றிதழுக்காக வந்தவர்களைத் தப்பாகச் சொல்லவில்லை, பதவி உயர்வு அதில்தான் இருக்கிறது என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் அப்படி வந்த ஒருவருக்குத் துணையாகச் சேர்க்கப்பட்டவர் ஐந்து மாதம் தனியாகத் தன் பதிவைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். துணை மாற்றித் தரச் சொல்லி மூன்று தடவை எழுதியும் மாற்றவில்லை. என் அனுபவம் நன்றாக இருந்ததில் பாதி எனக்கு வாய்த்த ஆளால் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சேரப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கைபேசியைப் பின்சுவரில் தலை உயரத்துக்கு மேல் வையுங்கள், ஆனால் அங்கிருந்து உங்கள் முகம்தான் தெரியும், நீங்கள் பார்க்க வேண்டியது மாணவர்கள் முகம், அதனால் முடிந்தால் பக்கவாட்டில் இன்னொன்று. ஒலி தனியாகப் பதிவு செய்ய ஒரு கருவி மேசை நடுவில் இருந்தால் நல்லது. முழு வகுப்பையும் அனுப்பாதீர்கள், எட்டுப் பத்து நிமிடம் தேர்ந்தெடுங்கள், நன்றாகப் போன பகுதியை எடுக்காமல் உங்களுக்குச் சந்தேகம் இருக்கும் பகுதியை எடுங்கள். உங்கள் குரலை முதல் தடவை கேட்கும்போது வரும் கூச்சம் மூன்றாம் பதிவில் போய்விடும். முடிந்தால் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரோடு சேர்ந்தே விண்ணப்பித்து, துணையாகவும் அவரையே கேளுங்கள், வேறு நிறுவனம் என்ற விதி இருந்தாலும் சேரும்போதே கேட்டால் தருகிறார்கள்.

யாருக்கு இது வேண்டாம்? பாட அறிவைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பயிற்றுநராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்களுக்கும் கொஞ்சம் முன்கூட்டியது என்று நினைக்கிறேன், எங்கள் குழுவில் அப்படி இருந்த மூவரில் இருவர் பதிவைப் பார்த்து மிகவும் நொந்துபோனார்கள், அவர்களைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு இல்லை. வீட்டிலும் கல்லூரியிலும் வேலை நெருக்கும் பருவமாக இருந்தால் அடுத்த குழுவுக்குக் காத்திருங்கள், ஆறு மணி நேரம் என்பது உண்மையான கணக்கு.

படிப்பு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை, இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பதிவு அனுப்புவதை நானும் என் துணைவரும் நிறுத்தவில்லை. இந்த மாதம் என் முறை, பாடம் பார்த்த பின் நடக்கும் சந்திப்பைப் பதிவு செய்திருக்கிறேன், அந்தப் பின்வரிசைப் பெண்ணோடு. அவளுக்கும் சம்மதம், கருவியை எங்கே வைப்பது என்று அவள்தான் சொன்னாள். யார் எவ்வளவு பேசுகிறோம் என்று பாருங்கள் சார் என்று கேட்டு நேற்று அனுப்பினேன், தாள் இன்னும் வரவில்லை.